சேந்தாங்கரையின் நடு ஆட்டக்காரன்

சிட்னி மெரிலேண்ட்ஸில் ஒரு வீட்டுப் பின்வளவில் வாடகைக்கு விடுகிற சின்ன வீடு, கிறனி ஃபிளாற் ஒன்று எழும்பிவிட்டால், அதற்குள் ஆர் வந்திருக்கினம், என்ன சமைக்கினம், லைற் எப்ப நிற்குது என்று அறிகிற உரிமை பக்கத்து வீட்டுக்குத் தானாகவே போய்விடும். கவுன்சில் சட்டத்தில் இது இல்லை. ஆனால் கவுன்சில் சட்டத்தை விட ஒழுங்காக நடக்கும். வசந்தினியின் பக்கத்து வீடு பாலேஸ்வரி அன்ரியுடையது. ஆகவே வசந்தினியின் கிறனி ஃபிளாற்றுக்கு ஒரு வெள்ளைக்காரன் வாடகைக்கு வந்த சங்கதி, அவன் காரிலிருந்து பெட்டியை இறக்கி முடிக்க முதலே ஹெலன்ஸ்பர்க் கோயில் கன்ரீன் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

வசந்தினிக்கு நாற்பத்திமூன்று வயது. வயோதிபர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் வேலை. விடியப் போனால் மத்தியானம் வரை விரிப்பு, துவாய், ஆரோ ஒரு கிழவருக்கு மகன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு வராமலே விட்ட கம்பளிச் சட்டை என்று தோய்த்து, உலர்த்தி, மடித்துக்கொண்டு நிற்பாள். புருசன் தனபாலன் வேலை விசயமாக மெல்பேர்னுக்குப் போன மனுசன். ட்ருகனினாவில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை எடுத்தார், அங்கேயே புதுவீடு ஒன்றும் எடுத்தார், வீட்டுக்கு ஏற்ற மாதிரி ஒரு புது மனுசியையும் எடுத்தார். விவாகரத்துப் பேப்பர் தபாலில் வந்து சேர்ந்தது. முதல் வருசம் எல்லாரும் வசந்தினிக்காகப் பரிதாபப்பட்டார்கள். இரண்டாம் வருசம் "அவளிலையும் ஏதோ பிழை இருக்கும்" என்றார்கள். மூன்றாம் வருசம் வேறு வீட்டில் வேறு கதை கிடைத்துவிட்டது.

வீட்டில் இப்போது அவளும் மகள் திவ்யதர்ஷினியும்தான். மகள் யூனிவேர்சிற்றிக்குப் போகிறவள். தாய் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்லுவாள். தாய் இங்கிலீசில் கேட்டால் சிரிப்பாள்.

வாடகைக்காரன் வந்து இரண்டாம் நாள் பாலேஸ்வரி அன்ரி வேலிக்கு மேலால் முகத்தைக் காட்டினார்.

"என்ன பிள்ளை, ரஷ்யாக்காரனை வீட்டுக்குள்ள எடுத்திருக்கிறியாம்?"

"வீட்டுக்குள்ள இல்லை அன்ரி, பின்வளவுக்குள்ள. ரஷ்யாவும் இல்லை. லித்துவேனியா."

"அது எங்கை கிடக்கு?"

"ரஷ்யாவுக்குப் பக்கத்தில."

"அப்ப ரஷ்யாதானே."

"அன்ரி, உங்களை ஆராவது இந்தியாக்காரி எண்டால் விடுவியளோ?"

அன்ரி விடமாட்டார். போன மாதம்தான் மருந்துக்கடையில் நின்ற பெட்டை ஒருத்தி அப்படிக் கேட்டுவிட்டு, மருந்துத் துண்டும் கையுமாக இலங்கைச் சரித்திரம் முழுவதும் கேட்க வேண்டி வந்தது. அன்ரி கதையை மாற்றினார்.

"பேர் என்னவாம்?"

"ஆர்வீதாஸ்."

"தாஸோ! அப்ப வேதக்காரரோ?"

"ஓம். கத்தோலிக்கமாம்."

"பார் பிள்ளை, எங்கட கரையூர்ப் பக்கத்துப் பேர் மாதிரியே கிடக்கு. என்ன தொழில்?"

"பந்தடிக்கிறவர்."

"அதுசரி, தொழில் என்ன எண்டு கேட்டனான்."

அதுதான் தொழில். முப்பத்தேழு வயதிலும் அதுதான் தொழில். பனவேஜிஸ் என்ற சின்னப் பட்டினத்தில், எல்லாரும் பாஸ்கெற்போல் பார்க்கிற நாட்டில், காலால் விளையாடத் தொடங்கியவன். கௌனாஸில் நாலு வருசம். பிறகு லற்வியா, பிறகு போலந்தின் இரண்டாம் பிரிவு, பிறகு கசகஸ்தானில் கண்ணிமை உறைகிற குளிர், பிறகு மோல்ற்றாவில் தலை வெடிக்கிற வெயில். எங்கே போனாலும் மைதானத்தின் நடுவில் நிற்பது, பின்னுக்கு இருப்பவன் தருகிற பந்தை முன்னுக்கு இருப்பவனுக்குக் கொடுப்பது. கோல் அடித்தவனைத் தூக்குவார்கள், கோல் காத்தவனைத் தட்டிக்கொடுப்பார்கள். நடுவில் நின்றவன் தண்ணி குடித்துவிட்டுத் திரும்ப ஓடவேண்டும். நாட்டுக்காக ஒரே ஒரு தரம் ஆடினான், கடைசிப் பதினொரு நிமிசம். "மூன்று தரம் பந்து தொட்டேன்" என்று வசந்தினிக்குச் சொன்னான். "மூன்றும் சரியான ஆளுக்குத்தான் போனது."

கடைசியில் மேற்குச் சிட்னியில் ஒரு கிளப் இரண்டு சீசனுக்கு எடுத்தது. இரண்டாம் சீசனில் பயிற்சியாளர் மாறினார். புதியவருக்குத் தாஸின் முழங்காலிலும் நம்பிக்கை இல்லை, வயதிலும் நம்பிக்கை இல்லை. சம்பளத்தைக் குறைத்தார்கள், அவன் ஃபிளாற்றை விட்டுவிட்டு வசந்தினியின் பின்வளவுக்கு வந்தான்.

இதெல்லாம் வசந்தினிக்குத் தெரிய வந்தது சலவையால். கிறனி ஃபிளாற்றில் மெசின் இல்லை. வீட்டு மெசினைப் பாவிக்கலாமோ என்று கேட்டு வந்தவன், சிவப்புக் காலுறையையும் வெள்ளைச் சட்டையையும் ஒன்றாகத் தள்ளி மூடப்போனான். தொழில் தெரிந்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமோ? "தள்ளுங்கோ" என்று பறித்தவள்தான், பிறகு அது அவளுடைய வேலையாகவே போய்விட்டது.

சட்டை ஆளைச் சொல்லும். வயோதிபர் இல்லத்தில் ஒரு சட்டையைக் கையிலெடுத்தால் அந்த மனுசருக்குக் கை நடுங்குதோ, இடப்பக்கமாகச் சரிந்து நித்திரை கொள்ளுறாரோ என்று வசந்தினி சொல்லுவாள். தாஸின் சட்டையில் வலது இடுப்பில் புல்லுக் கறை இருந்தால் சறுக்கி விழுந்து பந்து பறித்திருக்கிறான். முதுகில் சேறு என்றால் ஆரோ தள்ளி விழுத்தியிருக்கிறான். ஒரு கறையும் இல்லாமல் சட்டை சுத்தமாக வந்தால், அன்று முழுக்க ஆட இறங்காமல் மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருந்திருக்கிறான்.

ஆனி பிறந்த பிறகு சட்டை சுத்தமாகத்தான் வந்தது.

"கழுவத் தேவையில்லை" என்றான் ஒரு ஞாயிறு. இரண்டு பேருடைய இங்கிலீசும் ஒரே உயரம் என்பதால், கதைக்கையில் ஒருவருக்கும் எட்டி எடுக்கவேண்டி இருக்கவில்லை.

"போட்ட உடுப்பைத் தோய்க்கத்தான் வேணும்" என்றாள் வசந்தினி.

அந்தக் குளிர்காலம் இப்படித்தான் போனது. அவள் வேலையால் வர, அவன் பயிற்சி முடிந்து வந்திருப்பான். கொடியில் உடுப்புக் காயும். கொடிக்குக் கீழே இரண்டு பிளாஸ்ரிக் கதிரை. அவன் ஒருநாள் பீற்றூட்டை அவித்துத் துருவி, மோரில் கலந்து, வெந்தயக்கீரை மாதிரி ஒரு கீரையும் தூவி, றோசாப்பூ நிறத்தில் ஒரு குளிர்ந்த சூப் கொண்டுவந்து கொடுத்தான். வேலிக்கு மேலால் பார்த்த அன்ரி, "என்ன பிள்ளை, மோருக்குள்ள ஏதும் செத்துக் கித்துப் போச்சோ?" என்றார். வசந்தினி முழுவதையும் குடித்தாள். அடுத்த நாள் குரக்கன் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். அவன் அந்தக் கறுத்த ரொட்டியைப் பிய்த்து மணந்து பார்த்தான். தன் ஊரில் பாண் கறுப்பாகத்தான் இருக்கும் என்றும், வெள்ளைப் பாணை அங்கே நோய் வருத்தக்காரர்தான் சாப்பிடுவார்கள் என்றும் பிறகு சொன்னான்.

"உறைப்பு ஏதும் வேணுமோ?"

"ஓம்" என்றான். வீட்டில் நாள்முழுக்கக் கேட்கிற சொல் அது ஒன்றுதான் அவனுக்குப் பிடிபட்டிருந்தது. உறைப்புக்கும் ஓம், இனிப்புக்கும் ஓம், மழை வருமோ என்றாலும் ஓம்.

ஆடியில் ஒருநாள் அவன் கதிரையில் இருந்தபடி சொன்னான்:

"அம்மா கூப்பிடுகிறா. பழைய கிளப்பும் கூப்பிடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குவதற்கு."

"நல்ல விசயம்தானே."

"நல்ல விசயம். ஆனால் இப்படிப் போகமாட்டேன். ஒரு முழு மச் விளையாடவேண்டும். முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை. அது இல்லாமல் போனால் நானாகப் போனதாக இராது. அனுப்பிவிட்டதாக இருக்கும்."

"இந்த சீசன் கிடைக்காட்டில்?"

"வொலங்கொங் பக்கம் ஒரு சின்னக் கிளப் அடுத்த சீசனுக்கு எடுக்கிறோம் என்கிறது. விசாவும் பார்க்கலாமாம். காத்திருப்பேன்."

"எங்கை?"

"இங்கேதான். நீங்கள் ரூமை வேறு ஆருக்கும் கொடுக்காவிட்டால்."

"ரூம் கிடக்குதுதானே" என்றாள் வசந்தினி, கொடியில் இருந்த துவாயைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு அவள் வைத்த மீன்குழம்பு இரண்டு வீட்டுக்குக் காணும்.

அதற்குப் பிறகு வசந்தினி ஒரு பாவம் செய்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அவன் பையைத் திறந்து சட்டையை எடுக்கிறபோது, அது சுத்தமாக இருந்தால் அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. சட்டை சுத்தமென்றால் அவன் இருப்பான். அந்தச் சந்தோசத்தை நினைத்து வெட்கப்பட்டு, சுத்தமான சட்டையை இரண்டு தரம் தோய்த்தாள்.

இந்த இடத்தில்தான் அருந்தவன் வந்து சேர்ந்தான்.

அருந்தவன் சேந்தாங்கரை மக்கள் ஒன்றியத்தின் செயலாளர். சேந்தாங்கரை இலங்கையில் வசந்தினி பிறந்த ஊர். பக்கத்து ஊர் புளியந்துறை, தனபாலனுடைய ஊர். இரண்டு ஊரையும் ஒரு வாய்க்கால் பிரிக்கிறது. இரண்டு ஊராரும் கடலுக்குப் போவார்கள், கடலுக்குப் போகாத நேரம் பந்தடிப்பார்கள், பந்தடிக்காத நேரம் போன வருசம் அடித்த கோல் கோலில்லை என்று சண்டை பிடிப்பார்கள். அதே சண்டையைக் கட்டிக்காக்க, வருசா வருசம் ஆவணிக் கடைசியில் கிறான்வில் பக்கத்து மைதானத்தில் இரண்டு ஒன்றியமும் ஒரு மச் வைக்கும். தொப்பை தள்ளினாலும், மூச்சு வாங்கினாலும், தொண்ணூறு நிமிசம் ஓடியே தீருவார்கள். குறைத்தால் மற்ற ஊர் சிரிக்கும்.

ஆர் ஆடலாம் என்பதற்கு மூன்று விதி. ஒன்று, ஊரில் பிறந்தவர். இரண்டு, ஊராருக்குப் பிறந்தவர். மூன்று, ஊரில் கலியாணம் கட்டினவர். முந்தி ஒருமுறை புளியந்துறை நாலு கிளப் ஆட்டக்காரரைக் கூலிக்கு இறக்கிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதால் வந்த விதிகள் இவை. மூன்றாம் விதியால்தான் ஒரு சீன மாப்பிள்ளை ஆறு வருசமாகச் சேந்தாங்கரைக்குக் கோல் காக்கிறார்.

"வசந்தினியக்கா, உங்கட தாஸை ஒரு நாளைக்கு இரவல் தாங்கோ" என்றான் அருந்தவன்.

"என்ரை தாஸ் இல்லை. அவருக்கு முழங்காலும் சரியில்லை."

"ஓடுறாரே, காலமை பார்க்கில கண்டனான்."

"அது மெதுவா ஓடுறது."

"எங்கட ஆக்கள் நடக்கிறதே இல்லையக்கா, அதுக்கு இது காணும்."

"விதி இருக்கெல்லே? எந்த விதியில போடுவாய்?"

"பேரைப் பாருங்கோ. தாஸ் எண்டு எழுதினால் ஆர் கேக்கப்போகினம்?"

அதற்குள் ஆர்வீதாஸே வெளியே வந்துவிட்டான். அருந்தவன் விசயத்தைச் சொன்னான். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "முழு மச்சுமா?"

"ஃபுல் மச். நைன்ரி மினிற்ஸ். ப்றொமிஸ்."

"அது ஊர் மச்" என்றாள் வசந்தினி அவசரமாக. "பெரிய கிளப் மச் மாதிரி இல்லை. நீங்கள் சொன்ன கணக்குக்குள்ள வராது."

"றெஃபரி இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"கோடு போட்டிருக்கிறதா?"

"ஓம்."

"மற்றப் பக்கத்தில் எங்களை வெறுக்கிற பதினொரு பேர் இருக்கிறார்களா?"

"அதுக்கு ஒரு குறையும் இல்லை" என்றான் அருந்தவன்.

"அப்போது அது மச்தான்" என்றான் ஆர்வீதாஸ். அவன் முகம் இருந்த விதத்தைப் பார்த்து வசந்தினி உள்ளே போய்விட்டாள்.

மச்சுக்கு முதல் வெள்ளி அவள் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனாள். ஹைவேயில் கார் ஓட்ட அவளுக்குப் பயம். அவன்தான் ஓட்டினான். அவள் தேங்காய் உடைத்து வரும்வரை கன்ரீனில் இருந்து வடை சாப்பிட்டான். இரண்டு மேசை தள்ளி இருந்தவர் ஆரென்று சொல்லத் தேவையில்லை. வசந்தினி என்ன நேர்ந்தாள் என்பது மட்டும் பாலேஸ்வரி அன்ரிக்கே தெரியாது. ஆகவே ஒருவருக்கும் தெரியாது.

மச் அன்று விடியவே மழை. தூறலாகத் தொடங்கி, நிற்கிற மாதிரிப் பாவனை காட்டி, திரும்பப் பிடித்துக்கொண்டது. மைதானத்தின் நடுப்பகுதி புட்டுக்குக் குழைத்த மா மாதிரி. ஒன்றியத்தின் கூடாரத்துக்குள் வசந்தினி தாச்சியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் திவ்யதர்ஷினி இடுக்கியால் எடுத்துக் கடதாசியில் போட்டாள். அவித்த மரவள்ளி ஒரு பக்கம், கட்டைச் சம்பல் ஒரு பக்கம். முன்வரிசைக் கதிரையில் குடையோடு பாலேஸ்வரி அன்ரி. அவருக்குச் சொந்த ஊர் இரண்டுமில்லை. வந்தது ஆட்டம் பார்க்கவுமில்லை.

சேந்தாங்கரை இறங்கியது. எட்டாம் நம்பர் சட்டையில் ஆர்வீதாஸ், ஒரு தலை உயரமாக. நடுவட்டத்தில் போய் நின்று, காலால் நிலத்தைத் தட்டிப் பார்த்தான்.

புளியந்துறைக் கப்டன் கிருபானந்தன். தனபாலனுடைய சித்தப்பா மகன். அகதியாகக் கப்பலில் வந்தவன். பத்து வருசத்துக்கு மேலாக அவனுடைய பேப்பரை மற்ற ஆட்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நிரந்தர விசா கிடைத்தது போன வருசம்தான். இப்போது மற்ற ஆட்களின் பேப்பரைப் பார்க்கிற முறை தன்னுடையது என்று அவனுக்கு ஒரு எண்ணம்.

"றெஃபரி, கொஞ்சம் நில்லுங்கோ" என்றான். "ஆர் இந்த வெள்ளை?"

"எங்கட மிட்ஃபீல்டர். தாஸ்" என்றான் அருந்தவன்.

"ஆரின்ரை தாஸ்? எந்த விதியில இறக்கிறாய்?"

"மூண்டு."

"மூண்டெண்டால் கலியாணம். சேந்தாங்கரையில ஆரைக் கட்டினவர்?"

அருந்தவன் இருமினான். "அது... வசந்தினியக்கா வீட்டில..."

"வீட்டில இருக்கிறது வேறை, கட்டுறது வேறை. என்ரை வீட்டிலையும் ரெண்டு நேபாளப் பெடியள் வாடகைக்கு இருக்கிறாங்கள். கூட்டிக்கொண்டு வரட்டோ?"

புளியந்துறைப் பக்கம் சிரித்தது. சேந்தாங்கரைப் பக்கத்திலும் சிலர் சிரித்தார்கள். கிருபானந்தன் கோட்டைத் தாண்டிக் கூடாரத்துக்கு வந்தான்.

"அண்ணி" என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்தான். அப்படிக் கூப்பிட்டு ஆறு வருசம். "வசந்தினியக்கா, நீங்களே சொல்லுங்கோ. நீங்கள் பொய் சொல்லாத ஆள் எண்டு எனக்குத் தெரியும். இவர் உங்களைக் கட்டினவரோ? ஓமோ, இல்லையோ? இல்லையெண்டால் ஆளை வெளியால எடுக்கட்டும், நாங்கள் விளையாடுறம்."

இரண்டு ஊரும் கூடாரத்தைப் பார்த்தன. பாலேஸ்வரி அன்ரி நன்றாகக் கேட்கவேண்டும் என்று குடையை மடக்கிவிட்டு மழையில் நனைந்தார்.

வசந்தினி தலையை நிமிர்த்தி நடுவட்டத்தைப் பார்த்தாள். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஏதோ தன்னைப் பற்றியது என்று தெரிந்திருந்தது. ஆறு நாட்டு வாங்குகளில் இருந்து பழகியவன், இப்படிக் கோட்டுக்கு வெளியே ஆட்கள் கூடிக் கதைத்தால் முடிவு என்னவென்று அறிவான். பந்தில் ஒரு காலை வைத்தபடி, கைகள் இரண்டையும் இடுப்பில் ஊன்றி, வெளியே போ என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

சட்டை சுத்தமாக இருந்தது.

இல்லை என்றால் போதும். அது உண்மையும்கூட. இல்லை என்றால் சட்டை சுத்தமாகவே வீட்டுக்கு வரும். அவன் வொலங்கொங் கிளப்புக்குக் காத்திருப்பான், கொடிக்குக் கீழே கதிரை இரண்டும் இருக்கும், மாரி போய் வெயில் வரும், றோசாப்பூ நிறச் சூப்புக்கு அதுதான் சரியான காலம் என்று வேறு சொல்லியிருந்தான். ஓம் என்றால் ஊர் அதைப் பிடித்துக்கொண்டு கதைக்கும். தொண்ணூறு நிமிசத்தில் அவன் போகவும் வெளிக்கிட்டுவிடுவான்.

"ஓம்" என்றாள் வசந்தினி.

"என்ன ஓம்?"

"நீ கேட்டதுக்குத்தான் ஓம். என்னைத்தான் கட்டினவர்."

திவ்யதர்ஷினியின் கையிலிருந்த இடுக்கி மரவள்ளிச் சட்டிக்குள் விழுந்தது.

"எப்ப?" என்றான் கிருபானந்தன். அவனுடைய குரல் இறங்கிப்போயிருந்தது.

"அது எங்கட வீட்டு விசயம். நீ போய் விளையாடு, ரோல்ஸ் ஆறுது."

றெஃபரி விசில் ஊதினார்.

அவன் ஆடினதைப் பற்றிச் சொல்ல, பார்த்தவர்களுக்கே சரியாக வராது. வேகமில்லை. முழங்கால் இழுத்துத்தான் ஓடினான். ஆனால் பந்து ஒவ்வொரு முறையும் வழி தெரிந்த மாதிரி அவனிடம் வந்தது. அவன் நிமிர்ந்து பார்க்காமலே கொடுத்தான், ஆள் நிற்கிற இடத்துக்கல்ல, ஆள் போய்ச் சேரப்போகிற இடத்துக்கு. மளிகைக்கடை வைத்திருக்கிற அருந்தவன், தான் இவ்வளவு காலமும் ஆட்டக்காரனாகத்தான் இருந்திருக்கிறான் என்று முதல்தரம் அறிந்தான். இடைவேளைக்கு முதல் வலது இடுப்பில் புல்லு. பிறகு முதுகெல்லாம் சேறு, கிருபானந்தன் தள்ளினது. தள்ளினவனே கை கொடுத்துத் தூக்கியும் விட்டான். கடைசி விசில் ஊதியபோது எட்டாம் நம்பர் எது, சட்டை நிறம் எது என்று தெரியவில்லை. அவன் நடுவட்டத்தில் மல்லாக்கப் படுத்து, மழைக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு கிடந்தான்.

கோப்பை எந்த ஊருக்குப் போனது என்று அன்றைக்கு வந்த பாதிப்பேருக்கு இன்றுவரை தெரியாது. அதைவிடப் பெரிய கோப்பை கூடாரத்துக்குள் கிடைத்துவிட்டதல்லவா?

அருந்தவன் தன் ஆட்டக்காரரைக் கூட்டி எச்சரித்தான்: "ஒருத்தனும் தாஸுக்கு இதைச் சொல்லக்கூடாது. சொன்னவனுக்கு அடுத்த வருசம் வாங்குதான்." வாங்கு என்றால் ஆருக்குத்தான் பயமில்லை? ஒருத்தனும் சொல்லவில்லை.

கார் பார்க்கில் மகள் கேட்டாள்: "மம், டிட் யூ ஜஸ்ற் மேரி அவர் ரெனன்ற்?"

"ரெண்டு மணித்தியாலத்துக்குத்தான். காரை எடு."

திவ்யதர்ஷினி காரை எடுக்கவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, வழக்கமில்லாத வழக்கமாக, தமிழில், "அம்மா, அழாதேங்கோ" என்றாள்.

"ஆர் அழுதது? ரோல்ஸ் பொரிச்ச புகை."

வீட்டு வாசலுக்கு வர முதலே ட்ருகனினாவிலிருந்து போன் வந்தது.

"கேள்விப்பட்டது உண்மையோ?" என்றார் தனபாலன்.

"ஆர் சொன்னது?"

"ஊரெல்லாம் கதைக்குது. ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்தான். உங்களை மாதிரித் தபாலில அனுப்புவம் எண்டு இருந்தனான்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். ஆறு வருசமாக அவளுக்குள் கிடந்த வசனம் அது.

பாலேஸ்வரி அன்ரி வேலிக்கு மேலால் வரவில்லை, கேற்றாலேயே வந்தார். திட்ட வந்தார் என்று வசந்தினி நினைத்தாள். அன்ரி குசினிக்குள் வந்து கதிரையில் இருந்து, தலையைத் துவட்டியபடி மெதுவாகச் சொன்னார்:

"பிள்ளை, பொய்யெண்டு எனக்குத் தெரியும். கலியாணம் நடந்திருந்தால் எனக்குத் தெரியாமல் நடந்திருக்குமே?"

"ஓம் அன்ரி. பொய்தான்."

"பொய்யை மெய்யாக்கினால் என்ன? பார்ட்னர் விசா எண்டு ஒண்டு இருக்கு. ஆள் வேதமெண்டாலும் குடிவெறி இல்லை. ஊர் சிரிச்சு முடிஞ்சுது, இனி என்ன பயம்? போய்க் கேள்."

வசந்தினி தேத்தண்ணி ஊற்றினாள். இரண்டு கோப்பை. பின்வளவில் குழாயடியில் அவன் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். மழை விட்டு, சாயங்கால வெயில் கொடியில் பட்டது. அவனுடைய நெற்றியில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அவள் சொல்ல வாயெடுத்தாள்.

"தொண்ணூறு நிமிசம்" என்றான் அவன். கண் நிறைந்திருந்தது. "முழுவதும். நன்றி. இனி நான் போகலாம்."

அவள் கோப்பையை நீட்டினாள். "சீனி காணுமோ பாருங்கோ" என்றாள்.

அடுத்த கிழமை அவன் போனான். திவ்யதர்ஷினி கார் ஓட்டினாள். விமான நிலையத்துக்குப் போகிற வழியில், பின்சீற்றிலிருந்து முன்னுக்குக் குனிந்து ஆர்வீதாஸ் கேட்டான்:

"அன்றைக்கு அந்தக் கப்டன் உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்கள் ஓம் என்றீர்கள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். கேள்விதான் தெரியாது. என்ன கேட்டார்?"

மகள் கடைக்கண்ணால் பக்கத்தில் இருந்த தாயைப் பார்த்தாள்.

"இவர் விளையாடலாமோ எண்டு கேட்டவர்" என்றாள் வசந்தினி.

அவன் யோசித்தான். "நல்ல கேள்வி" என்றான். "கனகாலமாக ஒருவரும் கேட்கவில்லை."

கார்த்திகையில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பாதி கரைந்த பனி, ஒரு சின்ன மைதானம், தொப்பி போட்ட குஞ்சுகுருமான்கள், நடுவில் அவன். வசந்தினி சலவை அறையில் மெசினில் சாய்ந்து நின்று, இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தாள். முகத்தை அல்ல. காற்சட்டையை. இரண்டு முழங்காலிலும் கறுப்புச் சேறு. நல்லது, என்று நினைத்தாள். பிறகுதான் முகத்துக்குப் போனாள், அங்கே கனநேரம் நின்றாள். விரிப்புகள் உலர்ந்து மெசின் கூப்பிட்டது.

ஊர் என்னவோ விடவில்லை. கடையில், கோயிலில், கலியாண வீட்டில் "அவர் எப்ப வாறார்?" என்று கேட்டார்கள். சிலர் நக்கலாக, சிலர் உண்மையாகவே. "ஊருக்குப் போயிருக்கிறார்" என்பாள். வேறு ஒன்றும் சொல்லமாட்டாள். கிறனி ஃபிளாற்றை ஆருக்கும் கொடுக்கவில்லை. குழாய் ஒழுகுது என்று காரணம் சொன்னாள்.

அடுத்த வருசம் ஆடியில் அருந்தவன் திரும்ப வந்தான். வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"அக்கா, எட்டாம் நம்பர் சட்டை உங்களிட்டைக் கிடக்கு. மற்றப் பத்தும் தோய்ச்சுத் தந்தனீங்கள்."

"அது சேறு போகேல்லை."

சலவைதான் அவளுக்குத் தொழில். அவளுக்குச் சேறு போகவில்லையாம். அருந்தவன் அதைக் கேள்வி கேட்கவில்லை.

"புது ரீம் போடுறம். தாஸின்ரை பேரை எடுக்கவோ?"

"ஏன் எடுக்கிறாய்? மூண்டாம் விதி மாறிப்போச்சோ?"

"இல்லையக்கா. ஆள் இல்லையே. சரி, பேர் கிடக்கட்டும். ரிசேர்வில போட்டு விடுறன், வாங்கில—"

"வாங்கில போடாதை" என்றாள் வசந்தினி. அருந்தவன் ஒரு அடி பின்னுக்குப் போனான். அவள் குரலை இறக்கினாள். "நடுவில போடு."

"நடுவில ஆள் வேணுமக்கா. பதினொரு பேர் ஓடோணும்."

"பத்துப் பேர் ஓடுங்கோ."